கம்பெனிக்குச் சலுகை, நம்ம பொண்ணுக்கு என்ன?



போன மாதக் கூட்டத்தில் நம் தாமல் குழு சகோதரி ஒருவர் எழுந்து கேட்டார்: "ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணைக் கம்பெனி வேன்ல அனுப்பலாமா, இல்ல தறியிலயே உக்கார வைக்கலாமா?" வீடு தேடி வந்த ஏஜெண்ட் ஒருவர், "கவர்மெண்டே பணம் குடுக்குது, உள்ளூர் பொண்ணுங்களத்தான் எடுக்கணும்னு சட்டமே இருக்கு" என்றாராம். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. அதையே இந்த மாதம் படிப்போம்.

தனியார் கம்பெனி உள்ளூர் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. ஹரியானாவில் 75 சதவீதம் உள்ளூர் ஆட்கள் என்று 2020ல் சட்டம் கொண்டு வந்தார்கள். 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. மகாராஷ்டிரத்தில் வேறு வழி. சலுகை வாங்கும் கம்பெனி 80 சதவீதம் உள்ளூர் ஆளை வைக்க வேண்டும் என்று சலுகைத் திட்டத்திலேயே நிபந்தனை வைத்தார்கள்.

தமிழ்நாடு அரசு 2021ல் வெளியிட்ட தொழில் கொள்கையைப் பாருங்கள். எத்தனை கோடி முதலீடு என்பதோடு, எத்தனை பேருக்கு வேலை என்பதையும் பார்த்தே கம்பெனிகளைத் தரம் பிரித்தார்கள். பயிற்சிக்கு என்று தனியாக ஒரு மானியமும் அதில் இருந்தது. தமிழ்நாட்டு ஆளை எடுத்தால் மாதம் 4,000 ரூபாய், 6 மாதத்துக்கு. எடுத்தது பெண்ணாக, திருநங்கையாக, மாற்றுத் திறனாளியாக, எஸ்.சி., எஸ்.டி. வகுப்பினராக இருந்தால் மாதம் 6,000. கணக்குப் போடுங்கள்: ஒரு பொண்ணுக்கு 36,000 ரூபாய். இது பொண்ணு கைக்கு வருகிற பணம் இல்லை, கம்பெனிக்குப் போவது. ஏஜெண்ட் சொன்ன "கவர்மெண்ட் பணம்" இந்த மாதிரி மானியம்தான்.

இங்கேதான் நாம் விழித்துக் கொள்ள வேண்டும். மானியம் 6 மாதம். ஏழாவது மாதம் பொண்ணு எங்கே இருப்பாள்? அதை ஏஜெண்ட் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2005ல் அரசோடு ஒப்பந்தம், நிலம், வரிச் சலுகை எல்லாம் கிடைத்து 2006ல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை, அதில் பெரும்பாலும் இளம்பெண்கள். வரித் தகராறு வந்தது, நோக்கியாவின் செல்போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டது, 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். யூனிஃபார்ம் போட்டுப் போன பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் வீட்டுக்கு வந்தார்கள். தறிக்குத் திரும்பலாம் என்றால் கை பழக்கம் விட்டுப் போயிருக்கும். ஜரிகைப் புடவைக்குக் கோர்வை போடுவது ஒரு வாரத்தில் திரும்ப வருகிற வேலையா?

கல்யாணம் ஆனவர்கள் கதை இன்னொன்று. சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. பாகுபாடு இல்லை என்று கம்பெனி மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. பெண் என்பதற்காக ஆளெடுப்பில் பாகுபாடு கூடாது என்று 1976லேயே சட்டம் உண்டு. இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அன்றைக்கே அமலுக்கு வந்த இன்னொரு தொகுப்பின்படி, வேலைக்கு எடுப்பவர் நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். வேன் ஏறும் முன் அதைக் கேளுங்கள். கடிதத்தில் கம்பெனி பெயர் இருக்கிறதா, காண்டிராக்டர் பெயரா? "டிரெய்னி" என்று போட்டிருந்தால் எத்தனை மாதம், பிறகு என்ன? பி.எஃப். பிடித்தால் யு.ஏ.என். நம்பர் வந்ததா? பிடிக்கிறார்கள், கட்டுகிறார்களா என்பது வேறு. அதைப் பொண்ணு தன் செல்போனிலேயே பார்க்கலாம். சம்பளம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ. அட்டையும் கேளுங்கள்.

தறியா, கம்பெனியா என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. அது அந்தப் பொண்ணும் வீடும் எடுக்க வேண்டிய முடிவு. கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளின் நியமனக் கடித நகலை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். படிக்கத் தெரிந்த சகோதரிகள் வரிவரியாக வாசித்துக் காட்டுவார்கள். கடிதமே தராதவர்கள் எத்தனை பேர் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி, தொழிலாளர் துறை அலுவலகத்துக்குக் கூட்டமைப்பு சார்பில் மனுவாகக் கொடுப்போம்.