தீவுப் பணியிடத்துக்கு ஒரு தொடர்ச்சித் திட்டம்: பயனுள்ள குறிப்புகள்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கார் நிக்கோபார் தீவின் மலாக்கா உள்ளிட்ட கடலோரக் குடியிருப்புகளையும் விமானப்படைத் தளத்தையும் சிதைத்தபோது, உயிர்களோடு அலுவலகங்களும் பதிவேடுகளும் தகவல் தொடர்பும் ஒருசேரப் பறிபோயின. இத்தகைய இடரிலும் இன்றியமையாப் பணிகள் நின்றுவிடாதிருக்க, அல்லது விரைவில் மீண்டும் தொடங்க, முன்கூட்டியே எழுதிவைக்கப்படும் ஏற்பாடே தொடர்ச்சித் திட்டம் எனப்படும்.

• உயிர்காப்பு: வலுவான நிலஅதிர்வு உணரப்பட்டால், அதிர்வு அடங்கியதும், ஹைதராபாத்திலுள்ள ஆழிப்பேரலை எச்சரிக்கை மையத்தின் அறிவிப்புக்கும் காத்திராமல், ஊழியர்கள் கடற்கரையை விட்டு தீவின் உட்புற மேட்டுநிலத்துக்கு உடனே நடந்து செல்ல வேண்டும்.

• முன்னுரிமை: மருந்து, குடிநீர், சம்பளம் போல ஒரு நாளும் நிறுத்த முடியாத பணிகளையும், ஒரு வாரம் பொறுக்கக்கூடியவற்றையும் தனித்தனியே பட்டியலிடுவது நல்லது.

• நகல்: ஊழியர் பட்டியல், இருப்புப் பதிவேடு, கணக்கு ஆகியவற்றின் ஒரு நகலை நீர்புகாப் பையில் மேட்டுநிலக் கட்டடத்திலும், மற்றொன்றைத் தீவுக்கு வெளியே, ஸ்ரீ விஜயபுரத்திலோ (போர்ட் பிளேர்) சென்னையிலோ வைக்க வேண்டும்.

• தொடர்பு: 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடி வடம் இணையத்தை எளிதாக்கியிருப்பினும், அது அறுந்தால் பயன்படும் செயற்கைக்கோள் தொலைபேசிக்கோ இருவழி வானொலிக் கருவிக்கோ வழி செய்துகொள்வது அவசியம்.

• இருப்பு: பருவமழையில் கப்பல் தாமதமாகலாம் என்பதால், டீசல், மின்கலம், அரிசி ஆகியவற்றைக் கூடுதலாகச் சேமிக்க வேண்டும்.

• பொறுப்பு: ஒவ்வொரு பணிக்கும் ஒரு மாற்று ஆளை நியமித்து, ஆண்டுக்கு இருமுறையேனும் ஒத்திகை நடத்தினால்தான் தாளில் உள்ள திட்டம் நெருக்கடியில் கைகொடுக்கும்.