அருவியும் வெண்மையும்

அருவியை எழுதப் புகும் மாணவர் முதலில் நாடுவது வெள்ளை வர்ணத்தையே. நாமும் இளமையில் அவ்வாறே செய்தோம். நீர் வீழவில்லை, சுண்ணாம்புச் சுவரே நின்றது.

நம் பிழையை உணர்த்தியது, அமெரிக்க ஓவியர் பிரெடரிக் எட்வின் சேர்ச் 1857இல் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய ‘நயாகரா’வின் அச்சுப்படியாகும். மூலம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அகலம் 7 அடிக்கு மேல். அதில் நாம் நிற்பதற்குக் கரையில்லை. பசிய நீர் நம் காலடியிலிருந்தே விளிம்பை நோக்கி விரைகின்றது. இயற்கையின் முன் மனிதன் சிறியன் என்னும் புனைவியல் ஓவியர்தம் உணர்வு இதுவே. வெண்மையோ, நீர் உடைந்து நுரைக்கும் இடங்களிலேயே பெரிதும் ஒளிர்கின்றது.

ஆதலின், மாணவர்காள், முதலில் பாறையையும் காட்டையும் டர்ப்பன்டைன் கலந்து மெல்லிதாய், இருளாய்த் தீட்டுக. அது உலர்ந்தபின் நீருக்குச் சாம்பலும் பச்சையும் இடுக. மேற்பூச்சிலேயே ஆளிவிதை எண்ணெய் மிகுதல் வேண்டும். அடிப்பூச்சில் மிகுந்தால், மேற்பூச்சு முந்தி உலர்ந்து வெடிக்கும். தூவானத்தை, வர்ணம் சிறிதே தோய்ந்த தூரிகையால் மெல்லத் தேய்த்துக் காட்டுக. தனி வெள்ளையை இறுதியில், ஒளிபடும் இரண்டொரு நுரையில் மட்டும் தடிப்பாய் வைக்க.

நாமும் அப்பழைய ஓவியத்தின் வெள்ளையைச் சுரண்டிப் பாறையை இருளாக்கினோம். அன்றே அதில் நீர் வீழத் தொடங்கிற்று.