பயந்த நாயின் பக்கத்தில் உட்கார்

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளிக்குக் கதவு ஜன்னலைச் சாத்துவது, மின்விசிறியை வேகமாக ஓடவிடுவது, கழுத்துப்பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் உனக்கே தெரிந்திருக்கிறது. உன் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் என்னை உறுத்தியது. வெடிக்கு நடுங்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் அதன் பயம் வளரும் என்று யாரோ சொல்ல, போன வருஷம் அது கட்டிலுக்கடியில் கிடந்ததைப் பார்த்தும் பாராதவன்போல் இருந்தேன் என்கிறாய். நாய்ப் பயிற்சி கொடுப்பவர்களே இன்னமும் இதை ஓதிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

'கை கொடு' என்றால் கொடுப்பது ஒரு செயல். பிஸ்கட் போட்டால் மறுபடியும் கொடுக்கும். மூச்சு இரைப்பதும் எச்சில் வடிவதும் நெஞ்சு படபடப்பதும் நாய் நினைத்துச் செய்கிறவையா? தானாக வருவதற்கு நீ எப்படிப் பரிசு கொடுக்க முடியும்?

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் மணியோசைக் கதையைப் பள்ளியில் படித்திருப்பாய். பாடப்புத்தகங்கள் அதோடு நிறுத்திவிடுகின்றன. 1927இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய விரிவுரைகளில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது வெள்ளத்தைப் பற்றிய பகுதியைத்தான். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம். அவருடைய ஆய்வு நாய்களின் கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏற, புயலுக்கும் மரங்கள் முறிந்து விழும் சத்தத்துக்கும் நடுவே நாய்களை நீந்தவைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாய்கள் பிழைத்தன. ஆனால் அவற்றில் ஒன்று கற்றதையெல்லாம் இழந்துவிட்டது. ஆய்வறையில் வைத்த உணவைக்கூடத் தொடவில்லை. வழக்கமாக அறைக்கு வெளியே இருந்து சோதனை நடத்துகிறவர் உள்ளே வந்து கூடவே இருந்தபோது, கற்றது திரும்பி வந்தது. அவருடைய உடுப்பில் ஒன்றை நாயின் கண்ணில் படாமல் வைத்தபோதுகூட, அந்த வாசனைக்கே பலன் இருந்தது! பிறகு ஒருநாள் கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். பழைய நிலை அப்படியே திரும்பிவிட்டது.

ஒரே ஒரு பயங்கர அனுபவம் அவ்வளவு ஆழமாகப் பதியும். பழகிய மனிதன் அருகில் இருப்பது அவ்வளவு தூரம் ஆற்றும். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்த விஷயம் இது. படிக்காமல் பேசுகிறவர்களை என்ன செய்வது?

'பழகட்டும்' என்று சரவெடி வெடிக்கும் தெருவுக்கு நாயை இழுத்துப் போகிறவர்களும் அந்தக் கசிந்த தண்ணீரை நினைத்துப் பார்க்கட்டும். நாயின் காதும் நம் காது போன்றதல்ல: நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறோம். நாய் சுமார் 45,000 வரை கேட்கும். ராஜபாளையம் நாய்க்குப் பயமே கிடையாது என்று என்னிடம் ஒருவர் வாதிட்டார். பட்டாசுக்குப் பேர்போன சிவகாசியும் ராஜபாளையமும் ஒரே விருதுநகர் மாவட்டத்தில் இருப்பதுதான் அவர் காட்டிய ஆதாரம்! வெடிச்சத்தத்துக்கு அஞ்சாத நாய்களும் உண்டு, அஞ்சுகிற நாய்களும் உண்டு. காவலுக்கு நிற்கும் தைரியத்தை வைத்து இதை அளக்க முடியாது.

ஆகவே, அது உன்னிடம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தடவிக் கொடு. கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதே. அங்கேயே உன் பழைய சட்டையைப் போட்டுவை. வெளியே ஒவ்வொரு வெடி வெடித்ததும் ஒரு துண்டுக் கோழிக்கறி கொடு. சாப்பிடவில்லையென்றால் பயம் எல்லை மீறிவிட்டது என்று பொருள், அப்போது வற்புறுத்தாதே. தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் வெடிக்கலாம் என்று அரசு நேரம் வகுத்திருக்கிறது. யார் கேட்கிறார்கள்? பொழுது சாயுமுன்பே வெளியே அழைத்துப் போய் வந்துவிடு.

வெடிச்சத்தப் பதிவைக் காதில் விழுந்தும் விழாததுபோல் வைத்து, கூடவே தீனி கொடுத்துப் பழக்குவதை ஆவணியிலேயே தொடங்க வேண்டும். ஐப்பசி பிறந்தபின் தொடங்கினால் காலம் போதாது.

மாத்திரையை நீயாகக் கொடுக்காதே. அசிப்ரோமசின் போன்ற மருந்து உடம்பைத் தளர்த்திப் போடும், பயத்தைப் போக்காது; நாய் அசையாமல் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். பயத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே போய்ப் பார். தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டத்தில் நின்றால் அவருக்கு உன்னோடு பேசக்கூட நேரமிருக்காது.

அன்புடன்,
உன் ஆசிரியர்