மலைநாட்டில் டர்போ காருக்கு எந்தப் பம்ப்?

அன்புள்ள தம்பி,

உன் கராஜுக்கு வந்திருக்கும் ஸ்டார்லட் கிளான்சாவுக்கு மணிக்கு 255 லீற்றர் தரும் பெற்றோல் பம்ப் போடலாமா என்று கேட்டிருந்தாய். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் பலரும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நீ முதலில் பென்சிலை எடு.

அந்த 1.3 லீற்றர் எஞ்சின் கம்பனியிலிருந்து வந்தபோது 135 குதிரைவலு. சொந்தக்காரர் கேட்பது 200. முழுப் பாரத்தில் இழுக்கும் டர்போ எஞ்சின், ஒரு குதிரைவலுவுக்கு மணிக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேலே பெற்றோல் எரிக்கும். 200 குதிரைவலுவுக்கு 54 கிலோ, அதாவது 73 லீற்றர் அளவில் வரும். கால் பங்கு கூட வைத்தாலும் மணிக்கு 90 லீற்றர், நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் போதும்.

அந்த ஒன்றரை லீற்றரை எந்த அழுத்தத்தில் தர வேண்டும் என்பதுதான் முக்கியம். ரெகுலேட்டரின் அடிப்படை அழுத்தம் 3 பார் என்று வை. டர்போ 1 பார் பூஸ்ட் தரும்போது ரெகுலேட்டரும் ஒரு பார் ஏற்றும். பம்ப் 4 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏற எந்தப் பம்பும் குறைவாகவே தரும். பெட்டியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, 4 பாரில் எவ்வளவு தரும் என்ற வரைபடத்தைக் கேள். அது இல்லாத பம்பை வாங்காதே. தேவைக்கு மிஞ்சிய பம்பும் நல்லதல்ல. பழைய மெல்லிய ரிட்டர்ன் குழாய் அத்தனையையும் திருப்பி அனுப்பாது; ஐடிலிலேயே அழுத்தம் கூடி நிற்கும், தாங்கியில் இருக்கும் பெற்றோலும் சூடாகும்.

நம் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல், காற்று மெல்லியது. அங்கே 1 பார் பூஸ்டில் எல்லாம் சரி என்று அனுப்பிய கார், கொழும்புக்கு இறங்கினால் அதே 1 பாரில் ஏழெட்டு சதவீதம் கூடுதலாகக் காற்றை விழுங்கும், பெற்றோலும் அதே அளவு கூடுதலாகக் கேட்கும். ஆகவே அந்தக் கார் போகக்கூடிய மிகத் தாழ்ந்த வீதியை நினைத்துப் பம்பைத் தெரிவு செய்.

ஏற்றத்திலோ வேறு ஆபத்து. வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை வழியாக அப்புத்தளைக்கு ஏறும் கார் நெடுநேரம் பூஸ்டிலேயே இருக்கும். தாங்கியில் கால்வாசிதான் இருந்தால், ஒவ்வொரு வளைவிலும் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்பின் அடியிலுள்ள வடிகட்டி தாங்கியின் தரையை ஒட்டி, பழைய பம்ப் இருந்த அதே ஆழத்தில் இருக்கட்டும். நடுப்பூஸ்டில் பம்ப் ஒரு கணம் காற்றை உறிஞ்சினாலே எஞ்சின் தட்டத் தொடங்கும். பிஸ்டன் உருகுவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

2020இல் வாகன இறக்குமதி நின்றதால் பழைய கார்களே தொடர்ந்து ஓடின. 2022இன் பெற்றோல் தட்டுப்பாட்டில் ஷெட் வரிசையில் நின்றவர்கள் கானிலும் போத்தலிலும் சேமித்ததை ஊற்றி ஓட்டினார்கள். அந்தக் காலத்தைக் கடந்த பழைய காரின் தாங்கிக்குள் துருவும் தண்ணீரும் இருக்கலாம். கழற்றிக் கழுவாமல் புதுப் பம்பை இறக்காதே. தாங்கிக்குள் போடும் குழாய், பெற்றோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண பெற்றோல் ஹோஸ் உள்ளே ஊறி வெடிக்கும். அழுத்தம் உள்ளேயே கசிவதால் வெளியில் ஒன்றும் தெரியாது.

பல பேர் பம்பைக் குறை சொல்வார்கள். குற்றம் வயரில் இருக்கும். பம்பின் முனையிலேயே வோல்ட் பார். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 இருக்க, பம்பில் 12 மட்டும் வந்தால், தடித்த வயர், ரிலே, பியூஸ், நல்ல எர்த் எல்லாம் தனியாகப் போடு.

வேலைக்கு முன் பம்ப் பியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடு. பிறகு பற்றரியைக் கழற்று. திறந்த வெளியில் செய். மூடிய கராஜில் பெற்றோல் ஆவி தரையோடு தேங்கும். ஒரு பொறி போதும்.

பொருத்தியதும், பற்றரியை மாட்டி, எஞ்சினை நிறுத்திவைத்துப் பம்பை மட்டும் ஓடவிட்டு, ரெகுலேட்டரின் வெக்யூம் குழாயில் கைப்பம்பால் 1 பார் ஏற்றி, ரிட்டர்னை அளவுக் கானில் பிடி. நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் வரவேண்டும். பற்றரியில் மட்டும் ஓடுவதால் வோல்ட் குறைவு. அதிலேயே தேறினால் நம்பலாம். முழுப் பூஸ்டில் அழுத்தமானியைப் பார்ப்பதை டைனோவில் வைத்துக்கொள். பசறை வீதியில் வேண்டாம். அங்கே லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிறார்கள், கொழுந்து மூட்டையோடு அவர்களின் அம்மாமாரும்.

அடிப்படை அழுத்தம் 3 பார் என்பது நான் வைத்துக்கொண்ட எண்தான். அந்தக் காரில் அளந்து எழுதி அனுப்பு. அதன் பிறகு எந்தப் பம்ப் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்