நிலமும் நிலத்தடிச் செல்வமும்
(கனி உரிமை, ராயல்டி பற்றிய பாடம்)

மனையை விலைக்கு வாங்கியவருக்கு அதன் அடியிலுள்ள கல்லும் மண்ணும் உரியனவா என்னும் வினா, கிராம ஊழியரிடமும் ஆசிரியரிடமும் கேட்கப்படுவதுண்டு. விடையைத் தெளிவாக அறியாதவர் தமக்கு உரியதை மலிவாக இழக்க நேரும்; அன்றித் தமக்கு உரியதல்லாததை விற்றுத் தண்டனைக்கு உள்ளாகவும் நேரும்.

1. மூன்று உரிமைகள்

ஒரு நிலத்தில் மூன்று உரிமைகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, மேற்பரப்பில் குடியிருக்கவும் பயிரிடவும் உள்ள உரிமை. இரண்டாவது, அடியிலுள்ள கனிப்பொருளின் மீதுள்ள சொத்துரிமை. மூன்றாவது, அதனை வெட்டியெடுப்பதற்கான அனுமதி. முதலிரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். வெவ்வேறு கைகளிலும் இருக்கலாம். மூன்றாவதை அரசாங்கமே அளிக்கிறது.

திருவனந்தபுரம் கோட்டையை அடுத்த ஸ்ரீவராகத்தில் ஒருவர் 5 சென்ட் மனையில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதாகக் கொள்க. கட்டடம், சாலை முதலியவற்றில் நிரப்புவதற்குப் பயன்படும் சாதாரண மண், 2000ஆம் ஆண்டில் சிறுகனிமமாக அறிவிக்கப்பட்டது. எனினும், தோண்டிய மண் எதற்குப் பயன்பட்டது என்பதைக் கொண்டே ராயல்டிப் பொறுப்பு முடிவாகும் என்று மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியது. அஸ்திவாரம் தோண்டுவது மட்டும் அப்பொறுப்பை உண்டாக்காது. அம்மண்ணை லாரியில் ஏற்றி, வேறொரு பள்ளத்தை நிரப்ப விற்பாராயின் நிலைமை மாறுகிறது. சுரங்க, புவியியல் துறையின் அனுமதியும் நடைச்சீட்டும் வேண்டும்.

2. கனி யாருடையது?

பல இடங்களில் கனி அரசாங்கத்தினுடையது, எங்கும் அவ்வாறன்று. மலபார்ப் பகுதி ஜன்ம நிலங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. சட்டப்படி பறிக்கப்பட்டிருந்தாலன்றி, நிலத்துக்கு உரியவரே அடியிலுள்ள கனிக்கும் உரியவர் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே நிலத்தின் வகையையும் பழைய பத்திரங்களையும் ஆராயாமல் முடிவு கூறலாகாது.

உரிமை இருப்பினும் விருப்பம்போல் வெட்டுதல் கூடாது. அனுமதியின்றி எடுத்தால், 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

3. ராயல்டி என்பது யாது?

வெட்டியெடுத்த கனிக்கு, குத்தகைதாரர் உரிமையாளருக்குச் செலுத்தும் ஈடே ராயல்டி. அது வரி என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 1989இல் முடிவு செய்யப்பட்டது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதனை மாற்றி, ராயல்டி வரியன்று என அறிவித்தது.

கனியின் எடைக்கேற்பவோ விலையின் சதவீதமாகவோ ராயல்டி கணக்கிடப்படும். பொதுவகைச் சுண்ணாம்புக்கல்லுக்கு 2014இல் டன்னுக்கு 80 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அவ்விகிதப்படி 1,000 டன்னுக்கு 80,000 ரூபாய் ஆகும். சுரங்கத்தால் பாதிக்கப்படும் மக்களின் நலனுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் ஒரு தொகை உண்டு. ஏலத்தில் பெற்ற குத்தகையாயின் அது ராயல்டியில் 10 சதவீதம், அதாவது 8,000 ரூபாய். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முற்பட்ட குத்தகையாயின் 30 சதவீதம், அதாவது 24,000 ரூபாய்.

4. விற்பவர் அறியவேண்டியவை

அமெரிக்காவில் தனியார் கனி உரிமையையும் ராயல்டிப் பங்கையும் தனித்தனியே விற்பது வழக்கம். கனி உரிமை உடையவர் குத்தகை பேசலாம். ராயல்டிப் பங்கு மட்டும் உடையவர், கனி விற்கும்போது தம் பங்கைப் பெறுவாரேயன்றிக் குத்தகையில் தலையிட இயலாது. பண்டு எண்ணெய்க் குத்தகைகளில் எட்டில் ஒரு பங்கே ராயல்டியாக வழங்கியது.

இவ்வேறுபாடு நம் நாட்டு நிலவுடைமையாளருக்கும் பயனுடையது. கனியை மொத்த விலைக்குக் கொடுத்தவர், பின்னர் எவ்வளவு வெட்டினாலும் மேலும் கேட்க இயலாது. டன் கணக்கில் பேசியவர் எடையைச் சரிபார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆதலால் கையொப்பமிடுமுன் பத்திரத்தில் பின்வருவன உள்ளனவா என நோக்குக:

(அ) விற்கப்படுவது நிலமா, கனியா, பங்கா என்பது.
(ஆ) அளவு, விகிதம், எடை பார்க்கும் முறை, கால வரம்பு.
(இ) வெட்டாத ஆண்டுகளில் செலுத்தவேண்டிய குறைந்தபட்சத் தொகை.
(ஈ) பள்ளத்தை மூடி நிலத்தைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு.

மண்ணும் கல்லும் ஒருமுறை போனால் மீள்வதில்லை. பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டி, மேற்கண்ட நான்கையும் விளக்கிய பின்னரே ஒருவரைக் கையொப்பமிடச் செய்தல், ஊழியரின் கடமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. நிலவுரிமைக்கும் வெட்டும் அனுமதிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. டன்னுக்கு 80 ரூபாய் வீதம் 2,500 டன்னுக்கு ராயல்டி எவ்வளவு?
3. மொத்த விலை, ராயல்டி ஆகிய இரண்டில் எது எவ்வகை நிலவுடைமையாளருக்கு ஏற்றது? காரணம் கூறுக.