உயரமும் உறுதியும்: வண்டியின் வில்லமைப்பை உயர்த்துதல்

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் நம் கரையோரத்தில் மோட்டார் வண்டி இருவகை நிலத்தை நாள்தோறும் காண்கின்றது. பிரதான வீதி தார் பூசப்பட்டுக் கடலோரமாகச் செல்கின்றது. அதனை விட்டு மேற்கே திரும்பினால் வயல் வட்டைகளும், வாய்க்கால் வரம்புகளும், மாரியில் நீர் மேவும் தாம்போதிகளும் எதிர்ப்படுகின்றன. தெற்கே பாணமையைக் கடந்து உகந்தைக்கும் குமணைக்கும் செல்வோர்க்குக் கிரவலும் மணலுமே வழியாகும். வயலுக்குப் போகும் போடியாரின் டபிள் கப் வண்டியாயினும், பழைய லாண்ட் ரோவராயினும், காடு காட்டச் செல்லும் ஜீப்பாயினும், இவ்விரு நிலத்துக்கும் ஒரே வண்டியே உழைக்க வேண்டியுள்ளது.

ஆதலின், வண்டியைச் சற்று உயர்த்திக்கொண்டால் நலமன்றோ என்னும் எண்ணம் பலர்க்கும் எழுதல் இயல்பே. நாமும் அவ்வெண்ணத்துக்கு ஆட்பட்டு எம் வண்டியை 4 அங்குலம் உயர்த்தினோம். பின்னர் அறிவு வந்து 2 அங்குலத்துக்கு இறக்கினோம். அவ்விரு முயற்சிகளிலும் கற்றவற்றைப் பழைய மாணவர்க்கும், இன்று பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றோம். உயர்த்தும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வண்டியின் உறுதியில் ஒரு பங்கை விலையாகக் கொடுக்கின்றோம். தேவைக்கு மேற்பட்ட அங்குலம் முழுவதும் நட்டமே. இதுவே இக்கட்டுரையின் சாரம்.

கரத்தை கற்பிக்கும் பாடம்

நம் முன்னோரின் மாட்டுக் கரத்தையை நினைவுகூர்க. அதன் சில்லு பெரிது. அச்சின் உயரம் சில்லின் விட்டத்திற் பாதி. பாதையிற் கிடக்கும் மரக்கட்டைக்கு மேலாக அச்சு தப்பிச் செல்ல வேண்டுமாயின் பெரிய சில்லு வேண்டும். தட்டின் அடியிற் பலகை வைத்துத் தட்டை உயர்த்துவதால் அச்சு மயிரிழையேனும் உயராது.

மோட்டார் வண்டிக்கும் இதுவே விதி. பின்னச்சின் நடுவே தொங்கும் டிபரன்சல் பெட்டியே பெரும்பாலும் வண்டியின் மிகத் தாழ்ந்த உறுப்பு. வில்லை உயர்த்தினால் உயர்வது அச்சன்று. அதன் மேலிருக்கும் சட்டகமே. 29 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குல டயரைப் பூட்டினால் டிபரன்சல் 1 அங்குலம் உயரும், வேறெவ்வாற்றானும் உயராது. முன்சில்லுகள் தனித்தனியே அசையும் டபிள் கப் வண்டிகளில் முன் டிபரன்சல் சட்டகத்தோடு சேர்ந்து உயரும் என்பது உண்மையே. ஆயினும் பின்னச்சின் நிலை முன்போன்றதே. ஜெர்மனியில் 1940களின் பிற்பகுதியிற் தோன்றிய யூனிமொக் வண்டியில், அச்சின் இரு முனைகளிலும் பற்சக்கரங்களை அமைத்து அச்சையே சில்லின் மையத்துக்கு மேலே வைத்தனர். அச்சை உயர்த்துதற்கு அத்தகைய பெருவேலை வேண்டியிருந்தது என்பதே அதனால் நாம் அறிய வேண்டுவது.

உயர்த்துதலால் வரும் நன்மை

அங்ஙனமாயின் வில்லை உயர்த்துவதால் யாது பயன்? பெரிய டயருக்கு இடம் கிடைக்கின்றது. வரப்பில் ஏறும்போது மூக்கும், இறங்கும்போது வாலும், நடுவில் வயிறும் தட்டாமற் செல்கின்றன. இதனைக் கணக்கால் அறியலாம். முன்பின் சில்லுகளுக்கிடையே 100 அங்குலமும், வயிற்றின் கீழ் 10 அங்குல இடைவெளியும் உள்ள வண்டியொன்றைக் கொள்வோம். இடைவெளியைப் பாதித் தூரமாகிய 50 ஆல் வகுக்க 0.2 வரும். அதனைத் தாஞ்சனாக உடைய கோணம் ஏறத்தாழ 11.3 பாகை, அதன் இருமடங்கு 22.6 பாகை. இக்கோணத்துக்கு மேற்பட்ட முகடுடைய வரம்பில் வண்டியின் வயிறு தட்டி நிற்கும். 2 அங்குலம் உயர்த்தினால் அக்கோணம் 27 பாகையாகும். வயலுக்குச் செல்வோர்க்கு இது மெய்யான இலாபமே.

அதற்குக் கொடுக்கும் விலை

ஒரு வண்டியின் சில்லகலம் 58 அங்குலம், அதன் புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 28 அங்குலம் எனக் கொள்வோம். அகலத்திற் பாதியை உயரத்தால் வகுக்க 29க்கு 28, அதாவது 1.04. எடையின் இத்தனை பங்கு விசை பக்கவாட்டிற் தள்ளினால் வண்டி கவிழும் என்பது இதன் பொருள். 2 அங்குலம் உயர்த்தினால் இவ்வெண் 0.97, 4 அங்குலம் உயர்த்தினால் 0.91. அச்சும் சில்லும் உயராமையால் மையம் முழு அளவுக்கு உயர்வதில்லை என்பதை எளிமை கருதி விட்டுள்ளோம்.

காய்ந்த தார்வீதியில் டயரின் பிடி எடையில் 0.7 முதல் 0.9 வரை தாங்கக்கூடியது. சமனிலை எண் இப்பிடிக்கு மேலாக இருக்கும்வரை, வளைவில் மிகுவேகம் கொண்ட வண்டி வழுக்கும். பிடிக்குச் சமனாக இறங்கிவிட்டால் வழுக்குவதற்குப் பதிலாகக் கவிழும். வில் சாய்வதாலும், கூரையில் ஏற்றும் சுமையாலும், பின்னே நின்று செல்லும் மக்களாலும் அவ்வெண் மேலும் குறையும். 4 அங்குலம் உயர்த்திய எம் வண்டி அக்கரைப்பற்று வீதியின் வளைவொன்றில் எம்மை அச்சுறுத்திய அன்றே இக்கணக்கை முதன்முறையாகச் செய்து பார்த்தோம். முன்னரே செய்திருத்தல் வேண்டும்.

எம்முறையைத் தெரிதல்

முதலில் வண்டியின் வில் எத்தகையது என அறிக. 1948இல் வெளிவந்த லாண்ட் ரோவரிலும் பழைய வில்லிஸ் ஜீப்பிலும் நான்கு சில்லுகளுக்கும் பட்டைவில்லே உண்டு. லாண்ட் ரோவர் நிறுவனம் 1983இலும் 1984இலும் வெளியிட்ட புதிய வகைகளிற் சுருள்வில் வந்தது. டபிள் கப் வண்டிகளிற் பெரும்பாலும் பின்னே பட்டைவில்லும், முன்னே சுருள்வில் அல்லது டோர்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டும் இருக்கும்.

பட்டைவில்லை உயர்த்த நான்கு வழிகள் உள. புதிய வில்லை முழுதாகப் பூட்டுதல் சிறந்தது, செலவும் மிகுதி. பட்டையொன்று கூட்டுதல் சுமை ஏற்றுவோர்க்குப் பொருந்தும். நீண்ட ஷக்கிள் பூட்டினால் அது நீண்டதிற் பாதியே உயரம் கிடைக்கும்; முன்வில்லில் அதனைச் செய்தால் ஸ்டியரிங் நேர்நிற்கும் குணம் குன்றும். அச்சுக்கும் வில்லுக்கும் இடையே கட்டை வைத்தல் மலிவானது. ஆனால் பின்னச்சில் மட்டுமே, அதுவும் ஒற்றைக் கட்டையாகவே வைத்தல் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கட்டை நழுவக்கூடுமாதலின் முன்னச்சில் ஒருபோதும் வைத்தலாகாது.

முறுக்குத் தண்டின் ஆணியை முறுக்கி உயர்த்துதல் காசு செலவில்லாத வழி என்பர். அதனாற் தண்டு வலிமை பெறுவதில்லை. சில்லு கீழே இறங்குதற்கு இருந்த இடமே குறைகின்றது. சிறு குழியிலும் மேல்நெம்பு தடுப்பில் அடிக்கும். அச்சுமுனை மூட்டுகள் சாய்ந்து விரைவிற் தேயும். அங்குலத்துக்கு மேல் இவ்வழியை நாடாமை நன்று.

வில்லின் வலிமையை, என்றோ ஒருநாள் ஏற்றும் சுமைக்கன்றி, நாளும் ஏற்றும் சுமைக்கே பொருத்துக. 60 கிலோ நெல்மூடை பத்து ஏற்றினால் 600 கிலோ; பின்வில் ஒன்றுக்கு 300 கிலோ. வண்டி 4 அங்குலம் தாழ்ந்தால் அவ்வில்லின் வலிமை அங்குலத்துக்கு 75 கிலோ. 3 அங்குலத்துக்கு மேல் தாழலாகாதெனில் அங்குலத்துக்கு 100 கிலோ வேண்டும். ஒரே தடிப்புள்ள ஐந்து பட்டைகளோடு ஆறாவது சேர்ந்தால் வலிமை ஐந்திலொரு பங்கு கூடும். ஆனால் பட்டையின் தடிப்பைப் பத்திலொரு பங்கு கூட்டினாலோ, வலிமை தடிப்பின் கனத்துக்கு ஏற்ப வளர்வதால், மூன்றிலொரு பங்கு கூடிவிடும். தடித்த பட்டைகளைக் கண்டு மயங்கி வாங்கியோரின் வெறும் வண்டி ஆட்டுக்குட்டிபோல் துள்ளுவதன் காரணம் இதுவே.

உடன் மாற்ற வேண்டியவை

வில்லொன்று உயர்ந்தால் அதனோடு தொடர்புடைய உறுப்புகள் யாவும் இடம் மாறுகின்றன. ஷொக் அப்சோபர் நீளமானதாக வேண்டும். அன்றேல் வில்லுக்கு முன் அது இழுபட்டு அறும். பிரேக் ரப்பர்க் குழாய், சில்லு முழுதும் தொங்கும் நிலையிலும் தளர்வாக இருத்தல் வேண்டும். புரொப்பெல்லர் தண்டின் இரு மூட்டுகளின் கோணமும் சமமாயிராவிடில் வண்டி அதிரும். அதனைச் சரிவுக் கட்டையால் திருத்தலாம்.

பலரும் மறக்கும் ஓர் உறுப்பு, பின்னச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே கம்பியால் இணைந்த பிரேக் வால்வு. சுமையால் வண்டி தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு மிகுதியான அழுத்தம் அனுப்பும். வண்டியை உயர்த்தியதும், சுமை ஏற்றிய வண்டியையும் அது வெறுமையானதென்று கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஆதலின் அதன் கம்பியையும் புதிய உயரத்துக்கு ஏற்பச் சீர்செய்க. முன்விளக்கின் ஒளி எதிர்வருவோர் கண்ணிற் படாதவாறு தாழ்த்துக. 29 அங்குல டயர் 31 ஆனால் வேகமானி 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடும் என்பதையும் மனத்திற் கொள்க. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்னரே கேட்டறிந்து தொடங்குதல் பின்னர் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

பூட்டும் முறை

சமநிலத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் மையத்திலிருந்தும் மட்காட்டின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்க. கடற்காற்றில் துருவேறிய ஆணிகளுக்கு முதல்நாளே எண்ணெய் விடுக. சட்டகத்தை உறுதியான தாங்கிகளில் இருத்துக; ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுத்தல் உயிரோடு விளையாடுதலாகும். அச்சை வேறொரு ஜக்கிற் தாங்கி, ஷொக்கையும் பிரேக் குழாயின் பிடியையும் விடுவித்து, யூ போல்ட்களைக் கழற்றி வில்லை இறக்குக. புதிய வில்லின் நடுவாணியின் தலை அச்சின் துளையிற் சரியாக அமர்ந்ததைக் கண்ணாற் கண்ட பின்னரே யூ போல்ட்களைக் குறுக்குமறுக்காகச் சமமாய் இறுக்குக. ரப்பர் புஷ் உள்ள முனையாணிகளை, வண்டியின் பாரம் சில்லில் இறங்கிய பின்பே முழுதும் இறுக்குதல் வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும். 100 கிலோமீற்றரிலும் 500 கிலோமீற்றரிலும் யாவற்றையும் மீண்டும் இறுக்குக.

யூ போல்ட் ஒருமுறை நீண்டால் மீள்வதில்லை. ஆதலாற் புதியனவே பூட்டுக. எம் முதல் முயற்சியிற் கராஜ் ஒன்றிற் பழையனவற்றையே பூட்டினர், நாமும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் வயற்பாதையில் நடுவாணி அறுந்து, பின்னச்சு ஒருபுறம் நகர்ந்து, வண்டி வாய்க்காலோரம் நின்றது. தார்வீதியில் நேர்ந்திருப்பின் இக்கட்டுரையை எழுத நாம் இரோம். வில்பட்டையைக் காஸ் தீயாற் சுட்டு வளைத்தலும், அதில் வெல்டிங் வைத்தலும் உருக்கின் பதத்தைக் கெடுக்கும், இரண்டையும் விலக்குக.

வெள்ளமும் உயரமும்

இறுதியாக, எதற்காக உயர்த்துகின்றோம் என்ற வினாவுக்கு நம் பகுதியிற் பலரும் கூறும் விடை, மாரியில் தாம்போதியைக் கடப்பதற்கென்பதே. கிட்டங்கித் தாம்போதியில் நீர் மேவினால் கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே போக்குவரவு தடைப்படும் துயரை நாம் அறிவோம். இங்கேதான் உயரம் நம்மை ஏமாற்றுகின்றது.

1.7 மீற்றர் அகலமும் 4 மீற்றர் நீளமும் உள்ள வண்டியின் தட்டுக்கு மேல் நீர் 10 சென்ரிமீற்றர் ஏறினால், உள்ளே நீர் புகாதவரை, அது 680 கிலோ விசையோடு வண்டியை மேலே தூக்கும். 1,800 கிலோ வண்டி 26 சென்ரிமீற்றரில் மிதக்கும். மிதக்குமுன்னரே சில்லின் பிடி தளர்ந்து, ஓடும் நீர் அதனைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். நீரின் வேகம் இருமடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 2 அங்குலம் உயர்த்தியதால் நாம் பெற்றது 5 சென்ரிமீற்றர் நீர் மட்டுமே. ஒரு நல்ல மழையில் அவ்வளவு நீர் சிறிது நேரத்தில் ஏறிவிடும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் மேவிப் பாய்ந்தபோது, நிந்தவூர் மதரசாவில் ஓதி வீடு திரும்பிய மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் நீரில் இழுபட்டுக் கவிழ்ந்தது. மாணவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். உழவு இயந்திரத்தின் பெருஞ்சில்லுக்கு நிகரான உயரத்தை எந்தக் கராஜும் நம் வண்டிக்குத் தரவியலாது. நம் அயலூர்ப் பிள்ளைகள் அவர்கள். இக்கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அழுத நாள் அது.

ஆதலின் வரம்பில் ஏறவும், மணலிற் செல்லவும், குழியிற் தட்டாமல் தப்பவும் 2 அங்குலம் உயர்த்துக; அதனைச் செவ்வையாகப் பூட்டுக. வீதி தெரியாதவாறு நீர் ஓடும் தாம்போதியின் முன், வண்டி எத்துணை உயரமாயினும், அதனை நிறுத்திவிட்டு நீர் வடியும்வரை காத்திருக்க. எம் வண்டியை இறக்கிய நாள் தொட்டு நாம் அங்ஙனமே காத்திருக்கின்றோம்.