கணினிக்கு ஏற்ற ஒலிபெருக்கி: தேர்ந்தெடுக்கும் முறை

கேள்வியின் பெருமையை உணர்த்த, வள்ளுவப் பெருந்தகை தம் நூலின் 42ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஆசிரியர் கூறுவதை மாணவர் செவ்வனே கேட்டால்தான் கல்வி நிறைவுறும். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, ஆசிரியரின் குரல் கணினி வழியாக இல்லங்களில் ஒலிக்கலாயிற்று. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் அப்பழக்கம் முற்றிலும் நின்றுவிடவில்லை.

ஆனால், மடிக்கணினியினுள் அமைந்துள்ள ஒலிபெருக்கி மிகச் சிறியது. அதன் வழியே வரும் குரல் மெலிந்து, தகரக் குவளைக்குள் பேசுவது போல் கேட்பதுண்டு. வாலை, வாளை, வாழை என்னும் மூன்று சொற்களும் குழந்தையின் செவிக்கு ஒன்றாகிவிட்டால், அதன் நாவும் அவ்வாறே பழகிவிடும். எனவே குறைந்த செலவில் நல்ல ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

ஒலிபெருக்கி இயங்கும் விதம்

இன்று நாம் காணும் ஒலிபெருக்கிகளுக்கு முன்னோடியான அமைப்பை, செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர் 1925ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர். காந்தம், கம்பிச் சுருள், கூம்பு ஆகிய மூன்றுமே அதன் முதன்மை உறுப்புகள். சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது அது காந்தத்தினிடையே முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு பிணைந்த கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அவ்வசைவே நம் செவியில் ஒலியாகிறது.

மனிதச் செவி வினாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை உணரவல்லது. தவிலின் அடித்த ஓசை தாழ்ந்த அதிர்வுகளைக் கொண்டது. அதை எழுப்ப மிகுந்த காற்றைத் தள்ள வேண்டும். ஆதலால் அகன்ற கூம்பு தேவை. ஆங்கிலத்தின் 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகளோ உயர்ந்த அதிர்வுகள் உடையவை. இவை தெளிவுறாவிடில் சொல் விளங்காது. பாடம் கேட்பதற்குப் பேரோசையை விடத் தெளிவே முதன்மையானது.

வாட் கணக்கில் ஏமாறலாகாது

சில பெட்டிகளின் மேல் '1000 வாட்' எனப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். மாணவர்களே, எளிய கணக்கொன்று போட்டுப் பாருங்கள். கணினியின் சாதாரண யூஎஸ்பி துளை 5 வோல்ட் அழுத்தத்தில் 0.5 ஆம்பியர் மின்சாரம் தருகிறது. இரண்டையும் பெருக்கினால் 2.5 வாட். அத்துளையிலிருந்து மட்டுமே மின்சாரம் பெறும் கருவி ஆயிரம் வாட் எங்ஙனம் வழங்கும்? இரண்டரைப் படி அரிசியில் ஆயிரம் படிச் சோறு ஆக்க இயலுமா?

'பி.எம்.பி.ஓ.' என்று குறித்த எண் விளம்பரத்துக்கு உரியது. தொடர்ந்து வழங்கும் ஆற்றலைக் காட்டும் 'ஆர்.எம்.எஸ்.' எண்ணையே பார்த்தல் வேண்டும். மேலும், ஓசை நம் செவிக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. ஆகவே 5 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதே. வீட்டு அறைக்கு இவ்விரண்டில் எதுவும் போதும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, வீட்டில் இருப்பதை ஆராய்க. பழைய ரேடியோ செட்டின் பின்புறம் 'ஆக்ஸ்' என்னும் துளைகள் இருப்பின், ஒருமுனையில் 3.5 மில்லிமீட்டர் செருகியும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளைச் செருகிகளும் உள்ள கம்பியால் அதனைக் கணினியோடு இணைக்கலாம். கம்பியின் விலை மட்டுமே செலவாகும்.

இரண்டாவது, குறைந்த விலையில் மூன்று பெட்டிகள் கொண்ட தொகுதியை விட, அதே விலைக்குக் கிடைக்கும் இரண்டு பெட்டிகளே பெரும்பாலும் மேலானவை. ஒரே பணத்தை மூன்றாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றின் தரமும் குறையும்.

மூன்றாவது, கேட்காமல் வாங்கலாகாது. தமிழ்ச் செய்தி வாசிப்பு ஒன்றையும், நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும் இசையொன்றையும் கைப்பேசியில் பதிந்து கடைக்குக் கொண்டு செல்க. முதலில் மெல்லிய ஒலியில் சொற்கள் விளங்குகின்றனவா எனப் பார்க்க. பின்னர் முக்கால் பங்கு உயர்த்தி, கரகரப்பு உண்டா எனக் கவனிக்க. எதுவும் ஒலிக்காத வேளையில் இரைச்சல் வருமாயின் அதனை விலக்குக. பெட்டியை விரலால் தட்டினால் கெட்டியான ஓசை எழுவது நன்று.

நான்காவது, சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவியாயின் சிரிம் முத்திரை உண்டா எனப் பார்த்தல் இன்றியமையாதது. விலை மலிவென்று உயிரைப் பணயம் வைத்தல் அறிவுடைமை ஆகாது.

வைக்கும் இடம்

நல்ல ஒலிபெருக்கியும் தவறான இடத்தில் வைத்தால் பயன் தராது. பெட்டிகள் இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவும், அவற்றிலிருந்து பிள்ளை அமரும் தொலைவும் ஒத்திருக்கட்டும். செவியின் உயரத்தில் வைத்து, முகப்பைப் பிள்ளையை நோக்கித் திருப்புக. சுவர் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஓசை மிகுந்து சொற்கள் மறையும். வெறும் சிமெண்டுத் தரையில் எதிரொலி மிகும்; பாயும் திரைச்சீலையும் அதனைக் குறைக்கும். தகரக் கூரையில் மழை பெய்யும்போது ஒலியை முழுதும் உயர்த்தாமல், அருகே நெருங்கி அமர்தலே முறை. பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரத்திற்கு 75 டெசிபெல் அளவே பாதுகாப்பானது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அதனினும் மிகுந்த ஓசையை நெடுநேரம் கேட்டல் செவிக்குக் கேடு.

பெற்றோர்களே, பால் மரத்திலும் செம்பனையிலும் உழைத்து ஈட்டும் ஒவ்வொரு வெள்ளியும் அருமையானது. பெட்டியின் மேலுள்ள எண்ணை நம்பி அதனைச் செலவிடாமல், உங்கள் செவியை நம்பிச் செலவிடுங்கள். இயன்றால் கடைக்குப் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். கேட்கப் போவது பிள்ளையன்றோ!

பயிற்சி

1. 5 வோல்ட், 0.9 ஆம்பியர் தரும் துளையிலிருந்து எத்தனை வாட் கிடைக்கும்?

2. வாலை, வாளை, வாழை ஆகிய சொற்களை ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்க. மற்றவர் ஒலிபெருக்கி வழியே கேட்டு எழுதுக. எத்தனை சரி?